ஏவ்பரி: கல்லைக் காப்பாற்ற ஊரை இடித்த கதை

ஸ்விண்டனிலிருந்து டிவைசஸ் போகும் சாலை ஓரிடத்தில் ஒரு பெரிய மண்கரையின் இடைவெளி வழியாக உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் சாலையை ஒட்டியே ஆளைவிடப் பல மடங்கு பெரிய கல் ஒன்று நிற்கிறது. லாரி அதை உரசாமல் திரும்புவதே ஒரு வித்தைதான். கொஞ்ச தூரத்தில் புல்கூரை போட்ட ஒரு பப், அதைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் இன்னும் கற்கள், கற்களுக்கு நடுவே ஆடுகள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு பழங்காலக் கல்வட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஏவ்பரி என்ற ஊர் இப்படித்தான் கண்ணில் படும். இதைவிடப் புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹென்ஜைப் பார்க்கப் போனால் டிக்கெட் வாங்கி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இங்கே கல்லின்மேல் சாய்ந்துகொண்டு சாண்ட்விச் சாப்பிடலாம்.

இங்கிலாந்தின் கிராமப்புறப் பாதுகாப்பு எப்படி வளர்ந்தது, யார் காசில் வளர்ந்தது, யார் வயிற்றில் அடித்து வளர்ந்தது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஏவ்பரியைச் சொல்வேன். வேறு எந்த பாரிஷிலும் இவ்வளவு அடுக்கு இல்லை. பாரிஷ் என்றால் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்று சொல்வது. இங்கிலாந்தில் அதே சொல் உள்ளாட்சியின் கடைசிப் படிக்கும் பெயர், ஏறக்குறைய நம் ஊராட்சி மாதிரி. ஏவ்பரி பாரிஷில் ஏவ்பரி, ஏவ்பரி டிரஸ்லோ, பெக்ஹாம்ப்டன், மேற்கு கென்னட் என்று சில சிற்றூர்கள், எல்லாம் சேர்ந்து ஐந்நூறு பேர் சொச்சம். அதில் டிரஸ்லோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கற்கள். கல்வட்டம் என்றதும் நமக்குப் பெருங்கற்கால ஈமக்குழியைச் சுற்றி அடுக்கிய கற்கள்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. கி.மு. 2850-லிருந்து 2200 வரை பல கட்டமாக, பல தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கியது. வெளியே மண்கரை, அதன் உட்புறம் அகழி, அகழியின் உள்விளிம்பில் ஏறக்குறைய நூறு கற்கள் நின்ற வட்டம், விட்டம் 330 மீட்டருக்கு மேல், அதற்குள் இன்னும் இரண்டு சிறிய வட்டங்கள். அகழி உள்ளே, கரை வெளியே என்பதால் இது கோட்டை அல்ல என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். எதிரியைத் தடுக்க நினைக்கிறவன் இப்படித் தலைகீழாக வெட்டமாட்டான். 1908-க்கும் 1922-க்கும் இடையில் ஹரல்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே என்பவர் அகழியின் அடிவரை தோண்டிப் பார்த்தார். இன்று புல் மூடிய சரிவாகத் தெரிவது அந்தக் காலத்தில் 9 மீட்டருக்கும் மேல் ஆழமாக, வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறைச் சுவர்களோடு இருந்திருக்கிறது. வெட்டப் பயன்பட்ட ஆயுதம் மானின் கொம்பு. அவ்வளவுதான், இரும்பு வருவதற்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் இருந்தன.

வட்டத்திலிருந்து தென்கிழக்கே இரண்டரை கிலோமீட்டர் தூரம் இரட்டை வரிசையாகக் கற்கள் நின்ற ஒரு பாதை போகிறது, அது சாங்சுவரி என்ற இன்னொரு சிறு வட்டத்தில் முடிகிறது. தெற்கே சில்பரி ஹில், சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு மனிதன் குவித்த சுண்ணாம்பு மலை, எதற்குக் குவித்தான் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் தெற்கே மேற்கு கென்னட்டின் நீண்ட கல்லறை மேடு, அது வட்டத்துக்கும் மூத்தது.

சாக்சன் காலத்தில் வட்டத்துக்கு வெளியே மேற்கில் ஊர் உண்டானது. செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் நடுக்கூடம் அந்தக் காலத்தது, சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. ஊர் மெதுவாகக் கரையைத் தாண்டி வட்டத்துக்குள் பரவியது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது ஊரும் கல்லும் சில நூற்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு, கற்களைச் சாய்த்துக் குழி தோண்டிப் புதைக்கும் வேலை தொடங்கியது. வேற்றுமதச் சின்னம் என்று தேவாலயம் வெறுத்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உழுவதற்கு இடைஞ்சல் என்பதும் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்படிப் புதைத்த ஒரு கல்லுக்கு அடியில் 1938-இல் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்தில் கத்தரிக்கோல், மருத்துவர்கள் குத்தும் ஊசி போன்ற ஒரு கருவி, 1320-களை ஒட்டிய சில வெள்ளிக் காசுகள். ஊர் ஊராகச் சுற்றி முடிவெட்டவும் கட்டியைக் கீறவும் செய்த நாவிதர்-வைத்தியர் என்று முடிவு செய்தார்கள், கல் புரண்டு நசுங்கிச் செத்தார் என்று கதையும் எழுதிவிட்டார்கள். எலும்பு லண்டனுக்குப் போய், இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் அழிந்ததாகப் பல காலம் நம்பி, 1998-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிடங்கில் மறுபடி கண்டுபிடித்தார்கள். மறுபடி ஆராய்ந்தபோது கல் விழுந்துதான் செத்தார் என்பதே சந்தேகமாகிவிட்டது. சரி, அது போகட்டும். இங்கே நமக்கு முக்கியம், புதைத்தவர்கள் கற்களை உடைக்கவில்லை என்பது. வெறுத்துப் புதைத்தவர்கள்தான் தெரியாமலே அவற்றுக்குச் சிறந்த காவலர்கள் ஆனார்கள்.

உண்மையான அழிவு 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தது. சார்சன் என்னும் இந்தக் கல் மணல் இறுகிக் கெட்டியானது, சாதாரண உளிக்கு மசியாது. அதனால் கல்லின் அடியில் குழி வெட்டி, வைக்கோலும் விறகும் போட்டுக் கொளுத்தி, கல் காய்ந்து சூடானதும் உடைய வேண்டிய கோட்டில் குளிர்ந்த நீரை ஊற்றி, விரிசல் விட்டதும் பெரிய சம்மட்டியால் அடித்தார்கள். வில்லியம் ஸ்டியூக்லி என்ற மருத்துவர் 1719-இலிருந்து ஆண்டுதோறும் இங்கே வந்து, எந்தக் கல்லை எப்போது யார் உடைத்தார்கள் என்று வயிறெரிந்து குறித்து வைத்தார். படமும் வரைந்தார். சாங்சுவரியை அவர் கண்ணெதிரே 1724-இல் முழுதாகத் துடைத்துவிட்டார்கள். அவருக்கு முன்பே 1649 ஜனவரியில் வேட்டைக்கு வந்த ஜான் ஆப்ரி என்ற பழம்பொருள் ஆர்வலர் இந்த வட்டத்தில் தற்செயலாக வந்து விழுந்து, 1663-இல் அரசர் இரண்டாம் சார்லஸையே கூட்டிவந்து காட்டியிருந்தார். அரசர் வந்து பார்த்த இடம் என்ற பெருமையெல்லாம் சம்மட்டியைத் தடுக்கவில்லை, ஏனென்றால் நிலம் தனியாருடையது, கல் நிலத்துக்காரனுடையது, தடுக்கச் சட்டம் கிடையாது.

உடைத்த கல் எங்கே போனது? வீட்டுச் சுவருக்கு. பப்பின் சுவருக்கு, தொழுவத்துக்கு, மதிலுக்கு, வட்டத்துக்குள்ளேயே இருக்கும் சிற்றாலயத்துக்கு. இன்றைக்கும் ஏவ்பரித் தெருவில் நடந்தால் சுவர்களில் சாம்பல் நிறச் சார்சன் துண்டுகளைப் பார்க்கலாம். ஆக, வீடு வேறு, கல் வேறு என்று இந்த ஊரில் பிரிக்கவே முடியாது. கற்கள்தான் வீடுகளாகி நிற்கின்றன. பின்னால் வந்த பாதுகாவலர்கள் இதைத்தான் பார்க்கத் தவறினார்கள் என்பது என் கட்சி.

முதல் பாதுகாவலர் ஜான் லப்பக். வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர், பூச்சி ஆராய்ச்சி வேறு செய்தவர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறை நாள்களைச் சட்டமாக்கியவரும் இவரே, 1871-இல். அதே காலகட்டத்தில் ஏவ்பரி வட்டத்துக்குள் இருந்த நிலம் வீடு கட்ட மனை மனையாக விற்பனைக்கு வந்தது. செய்தி கேட்டதும் லப்பக் அதைத் தன் காசில் வாங்கி, வீடு கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே இடம் பார்த்துக் கொடுத்தார். சொந்தக் காசில் எத்தனை இடத்தை வாங்குவது? அப்புறம் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் போராடி 1882-இல் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிலத்துக்காரனின் சொத்துரிமையில் கைவைப்பதா என்று எதிர்த்தவர்கள் எதிர்த்து எதிர்த்து, சட்டம் வெளியே வரும்போது பல் பிடுங்கிய பாம்பாகத்தான் வந்தது. நிலத்துக்காரர் விரும்பினால் அரசிடம் பராமரிப்பை ஒப்படைக்கலாம், விரும்பாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் பிரிட்டனில் 50, அயர்லாந்தில் 18 என்று ஒரு பட்டியல் உண்டானது, அதில் ஏவ்பரியும் சில்பரியும் இருந்தன. அந்தச் சின்னங்களை மேற்பார்வையிட முதல் ஆய்வாளராக ஜெனரல் பிட் ரிவர்ஸ் வந்தார்; லப்பக் பிற்பாடு அவருடைய மகளையே மணந்துகொண்டார், ஆகக் குடும்பத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. 1900-இல் பிரபு பட்டம் கொடுத்தபோது லப்பக் தேர்ந்தெடுத்த பெயர்: ஏவ்பரி பிரபு.

இரண்டாவது ஆள்தான் சிக்கலானவர். அலெக்சாண்டர் கீலர், டண்டீ நகரத்து மார்மலேட் குடும்பத்தின் வாரிசு. ஆரஞ்சுத் தோல் ஜாமில் வந்த பணம், வேகமான கார், பனிச்சறுக்கு, தொல்லியல் என்று ஆசை நிறைய. ஏவ்பரிக்குப் பக்கத்திலுள்ள விண்ட்மில் ஹில் என்ற குன்றில் மார்க்கோனி கம்பெனி கம்பியில்லாத் தந்திக் கம்பம் நடப்போகிறது என்று தெரியவந்து, 1924-இல் அந்தக் குன்றையே வாங்கிவிட்டார். அப்புறம் 1930-களில் ஏவ்பரியில் நிலம் நிலமாக வாங்கி, ஊரின் பழைய மேனர் வீட்டில், அதாவது நிலப்பிரபுவின் மாளிகையில், குடியேறி, 1934-இல் கல்பாதையையும் 1937 முதல் 1939 வரை வட்டத்தின் மேற்குப் பாதியையும் தோண்டினார். இடைக்காலத்தில் புதைத்த கற்கள் பத்திரமாக அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, அவை நின்ற குழியிலேயே நிறுத்தினார். உடைத்துவிட்டதால் இல்லாத கல்லுக்குப் பதில் ஒரு கான்கிரீட் முளை. இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏவ்பரி, அதன் மேற்குப் பாதியாவது, 1939-இல் முடிந்த ஒரு கட்டுமானம் என்று சொன்னால் தப்பில்லை. வேலையின் தரத்தைக் குறைசொல்ல முடியாது. முளைகளை வைத்தே எது பழையது, எது ஊகம் என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்கலாம், அந்த நேர்மை அவரிடம் இருந்தது.

ஆனால் கற்களுக்கு நடுவே ஆட்கள் குடியிருந்தார்கள். கீலர் கண்ணில் அந்த வீடுகளும் தொழுவங்களும் மரங்களும் வேலிகளும் எல்லாம் கல்வட்டத்தின்மேல் படிந்த அழுக்கு. மரங்களை வெடி வைத்துப் பெயர்த்தார். வீடுகளை வாங்கினார், காலி செய்ய வைத்தார், இடித்தார். சும்மா துரத்தவில்லை, பணம் கொடுத்துத்தான் வாங்கினார், பலர் வாடகைக்குக் குடியிருந்த கூலிக்காரர்கள், வீடுகள் பலவும் ஒழுகும் நிலையில் இருந்தன, இதையெல்லாம் அவர் பக்கத்து நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். 1943-இல் சுமார் 950 ஏக்கர் நிலத்தை வெறும் விவசாய நில மதிப்பான 12,000 பவுண்டுக்கு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார், அவர் செலவழித்ததோடு பார்த்தால் அது ஒரு கொடைதான். டிரஸ்ட் கைக்கு வந்த பிறகும் வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளைக் காலி செய்து இடிக்கும் கொள்கை சில காலம் தொடர்ந்தது. போனவர்களுக்குப் புது வீடு எங்கே? வட்டத்துக்கு மேற்கே, வயல் தாண்டி, ஏவ்பரி டிரஸ்லோவில், கவுன்சில் கட்டிக்கொடுத்த வீடுகளில். குழாய்த் தண்ணீர், கழிவறை, ஈரமில்லாத சுவர், எல்லாம் இருந்தது, ஊர்தான் இல்லை. பப்புக்கும் கடைக்கும் தேவாலயத்துக்கும் அரை மைல் நடக்க வேண்டும். டிரஸ்லோ வாசிகள் சிலருக்கு அது விடுதலையாகவே இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் யாரும் அவர்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, இடித்த வீடுகளின் சுவரில் இருந்ததும் சார்சன்தான். ஐயாயிரம் ஆண்டு பழைய கல்லை மீட்க, அதே கல்லால் கட்டிய முந்நூறு ஆண்டு பழைய வீட்டை இடித்தார்கள். கல்லின் கதையில் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் பளபள அட்டை போட்டது போல.

பிறகு காற்று திசை மாறியது. 1947-இன் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் வந்து வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஏவ்பரியில் தேவாலயமும் மேனர் வீடும் முதல் தரப் பட்டியலில் ஏறின. 17-ஆம் நூற்றாண்டின் புல்கூரைக் களஞ்சியம், 16-ஆம் நூற்றாண்டின் வட்டமான புறாக்கூண்டு, ரெட் லயன் பப், எளிய குடிசைகள் என்று அடுத்தடுத்துப் பட்டியல் நீண்டது. 1967-க்குப் பிறகு முழு ஊரையும் ஒரே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் வழி வந்தது, ஏவ்பரியும் அப்படி ஆனது. எந்த வீடுகளை அழுக்கு என்று துடைத்தார்களோ, அவற்றின் பக்கத்து வீடுகள் இப்போது தொட முடியாத சொத்து. இடித்தவற்றுக்கு ஒரு முளைகூடக் கிடையாது என்பது மட்டும் எனக்கு உறுத்தல். கல்லுக்குக் கான்கிரீட் முளை நட்டவர்கள் வீட்டுக்கு ஒன்று நட்டிருக்கலாம்.

இனி இன்றைய நிலைமை. வட்டத்துக்குள் ஒரு பழைய வீட்டில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜன்னல் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் வில்ட்ஷயர் கவுன்சிலிடம் பட்டியல் கட்டட அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் மாற்றினால் அது குற்ற வழக்கு, அபராதம் மட்டும் கட்டித் தப்பிக்கும் விஷயமல்ல. தோட்டத்தில் இருக்கும் மரத்தை வெட்ட, பாதுகாப்புப் பகுதி என்பதால், ஆறு வாரம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வேலிக்கம்பம் நடக் குழி தோண்ட வேண்டுமா? அது தொல்சின்னங்களுக்கான 1979 சட்டத்தின் கீழ் வரும், கலாச்சார அமைச்சரின் அனுமதி வேண்டும், அரசின் பாரம்பரிய ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பரிசீலித்து ஆலோசனை சொல்லும். இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: மக்கள் குடியிருக்கும் வீட்டைத் தொல்சின்னமாக அட்டவணையில் சேர்க்க முடியாது, ஆனால் அந்த வீட்டுக்கு அடியிலிருக்கும் மண்ணைச் சேர்க்கலாம். ஆக, வீடு ஒரு சட்டத்தில், தரை இன்னொரு சட்டத்தில். நான் முதலில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், ஆனால் யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு மேலே நிலக்காட்சி. பாரிஷ் முழுவதும் நார்த் வெசக்ஸ் டௌன்ஸ் என்ற 1,730 சதுர கிலோமீட்டர்ப் பரப்புக்குள் வருகிறது. 1972-இல் 'சிறப்பான இயற்கை அழகுள்ள பகுதி' என்று அறிவித்து, 2023 நவம்பரில் 'தேசிய நிலக்காட்சி' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. முன்பு அரசுத் துறைகள் அந்த அழகைக் 'கருத்தில் கொள்ள' வேண்டும் என்றிருந்த கடமையை, 2023 டிசம்பர் கடைசியில், அதை மேம்படுத்த 'முயல' வேண்டும் என்று இறுக்கினார்கள். அதற்கும் மேலே, 1986-இலிருந்து ஸ்டோன்ஹென்ஜோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். இந்தக் கடைசித் தொப்பிக்குத்தான் மவுசு அதிகம், சட்டத்தில் பலம் குறைவு. இங்கிலாந்தில் யுனெஸ்கோ பட்டியலுக்கென்று தனி அனுமதி முறை எதுவும் கிடையாது, திட்ட அனுமதி தரும்போது கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு காரணி, அவ்வளவே. நிஜமான பல் இருப்பது தொல்சின்னங்களுக்கான 1979 சட்டத்துக்கும், பட்டியல் கட்டடங்களுக்கும் பாதுகாப்புப் பகுதிகளுக்குமான 1990 சட்டத்துக்கும்தான்.

இத்தனை அடுக்கு இருந்தும் சாலை அப்படியே இருக்கிறது. ஏ4361 வட்டத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, இருபக்கமும் போக்குவரத்து ஓடுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகலான வேனிற்காலச் சூரிய சங்கராந்திக்குக் கூட்டம் வந்தால் வண்டி நிறுத்த இடமின்றி ஊரே திணறும். கரைகளின்மேல் மக்கள் நடந்து நடந்து புல் தேய்ந்து சுண்ணாம்பு வெளுத்துத் தெரிகிறது. வேலி போட்டு, பாதையை மாற்றி, புல்லுக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு ஜன்னலுக்கு இத்தனை கேள்வி கேட்கும் அமைப்பால் ஒரு லாரியை நிறுத்த முடியவில்லை.

மேனர் வீட்டின் கதை தனி. 1980-களின் கடைசியில் ஒரு தொழிலதிபர் அதை வாங்கி எலிசபெத் ராணி காலத்துக் கேளிக்கைப் பூங்காவாக்கப் பார்த்தார், கையைச் சுட்டுக்கொண்டார், 1991-இல் அதுவும் நேஷனல் டிரஸ்டிடமே வந்து சேர்ந்தது.

பாதுகாவலர்களே செய்த சேதத்துக்கு சில்பரி ஹில் நல்ல சாட்சி. உள்ளே புதையலோ அரசனின் கல்லறையோ இருக்கும் என்று 1776-இல் உச்சியிலிருந்து நேராகக் கிணறு போல ஒரு துளை, 1849-இல் பக்கவாட்டில் ஒரு சுரங்கம், 1968 முதல் 1970 வரை தொலைக்காட்சிக் கேமரா சகிதம் இன்னொரு சுரங்கம். கல்லறையும் இல்லை, புதையலும் இல்லை. 2000 மே மாதம் உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது, 1776-இன் துளை சரிவர மூடப்படாததால். 2007-08-இல் பழைய சுரங்கத்தை மறுபடி திறந்து ஆராய்ந்து, வெற்றிடங்களையெல்லாம் சுண்ணாம்பால் கெட்டியாக நிரப்பி மூடினார்கள். நாலாயிரத்து நானூறு ஆண்டு மழைக்கு அசையாத மலை, அதன்மேல் அக்கறை கொண்டவர்களால்தான் இடிந்தது.

அந்தப் பாடம் எடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். 1939-இல் போர் வந்ததால் கீலர் வட்டத்தின் கிழக்குப் பாதியைத் தோண்டவே இல்லை. அங்கே இன்று பார்த்தால் புல்வெளிதான் அதிகம், கற்கள் மிகக் குறைவு, சுற்றுலாக்காரர்கள் ஏமாற்றத்தோடு மேற்குப் பக்கமே திரும்பிவிடுவார்கள். 2003-இல் நேஷனல் டிரஸ்ட் தரையைத் தோண்டாமல் கருவிகளால் அளந்து பார்த்தபோது, இடைக்காலத்தில் சாய்த்துப் புதைத்த பெரிய கற்கள் குறைந்தது பதினைந்தாவது அடியில் முழுசாகக் கிடக்கின்றன என்று தெரியவந்தது. எத்தனை பெரியவை, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கின்றன என்பது வரைக்கும் குறித்து வைத்தார்கள். எடுத்து நிறுத்தவில்லை. இப்போதும் அவை அங்கேதான் கிடக்கின்றன, மேலே ஆடுகள் மேய்கின்றன.